பாறைக்குழம்பு கல்லாகும் வரலாறு

கல்லைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. பாறை, அறை, துறுகல், பொற்றை, குன்று, வெற்பு என அவை நீளும். இவற்றுள் சில அளவு பற்றியும் சில வடிவு பற்றியும் சில கிடக்கும் இடம் பற்றியும் அமைந்தன. அம்மிக்கல், ஆட்டுக்கல், படிக்கல், நடுகல் என்பன பயன் பற்றி வந்தன. ஆனால் ஒரு கல் எவ்வாறு பிறந்தது என்பதை நோக்கி எழுந்த பழஞ்சொல்லைத் தேடிக் காண்பது அரிது. இதனைத் தமிழின் குறை என்று கருத வேண்டுவதில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகின் எம்மொழியினரும் கல்லின் பிறப்பைத் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

பிறப்பு நோக்கிய பெயர்களை நாம் அண்மையில்தான் ஆக்கிக் கொண்டோம். பழைய பாடநூல்களில் ‘அக்கினிப் பாறை’ என்றும், பின்னர் ‘தீப்பாறை’, ‘அனற்பாறை’ என்றும் வழங்கும் பெயர்கள் ஓர் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. தீ என்னும் பொருளுடைய ‘இக்னிஸ்’ என்பதே அச்சொல். வடமொழியின் ‘அக்னி’யும் அதுவும் ஒரே குடும்பத்துச் சொற்களாதலின் ‘அக்கினிப் பாறை’ என்பது பொருத்தமான பெயர்ப்பே. எனினும் இப்பெயர்கள் அனைத்தும் மாணாக்கர் உள்ளத்தில் ஒரு பிழையான ஓவியத்தை வரைந்துவிடுகின்றன. நிலத்துக்கு அடியில் ஏதோ எரிந்து கொண்டிருப்பதாகவும், அத்தீ வெளிப்பட்டு அணைந்து கல்லாவதாகவும் பலர் எண்ணுகின்றனர். தேர்வுத்தாளில் ‘நெருப்புக் குழம்பு’ என்று எழுதுவோரும் உளர். எரிதல் என்பது உயிர்வளியோடு கூடி நிகழும் வேதிவினை. பாறைக்குழம்பில் எரிவது ஒன்றுமில்லை. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு ஒளிர்வது போல வெப்பத்தால் அது ஒளிர்கின்றது, அவ்வளவே.

‘குழம்பு’ என்னும் நம் சொல்லோ மிக அழகாகப் பொருந்தியுள்ளது. ‘மாக்மா’ என்னும் கிரேக்கச் சொல்லும் பிசைந்த பசை போன்ற பொருளையே குறித்தது. நிலத்தடியில் இருப்பது தூய நீர்மம் அன்று. உருகிய பாறை, அதனுள் மிதக்கும் படிகங்கள், அதிற்கரைந்துள்ள நீராவி, கரியமிலவாயு முதலிய வளிகள் ஆகிய மூன்றும் கலந்த கலவை அது. சாறும் காயும் சேர்ந்து கொதிப்பதைக் குழம்பு என்று வழங்கும் நம் வீட்டுப் பெண்டிர் இப்பெயரைக் கேட்டால் மறுக்கமாட்டார்.

இக்குழம்பு எங்கிருந்து வருகின்றது? புவியின் மேலோட்டுக்குக் கீழே எங்கும் உருகிய கடல் ஒன்று கிடக்கின்றது என்பது பரவலான நம்பிக்கை. அது உண்மையன்று. நிலநடுக்கத்தின்போது எழும் அலைகளுள் குறுக்கலை என்பது ஒருவகை. அது நீர்மத்தினூடே செல்லாது. அவ்வலை மேலோட்டுக்குக் கீழுள்ள கவசப் பகுதியினூடே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை தடையின்றிச் செல்கின்றது. ஆகவே கவசம் மிக வெப்பமானதாயினும் பெரும்பாலும் திண்மமே. அதற்கும் கீழே உள்ள வெளிக்கருவம் நீர்மந்தான். ஆனால் அது பெரிதும் இரும்பாலானது. எரிமலைக் குழம்பு அங்கிருந்து வருவதில்லை.

திண்மமாக உள்ள கவசம் சிற்சில இடங்களில் மட்டும் உருகுகின்றது. அதற்குரிய காரணங்களுள் முதலாவது அழுத்தக் குறைவு. ஆழத்திலுள்ள பாறை மேலெழும்போது அதன்மேல் உள்ள சுமை குறைகின்றது. சுமை குறைந்தால் உருகுநிலையும் தாழும். புதிய வெப்பம் சேராமலே பாறையின் ஒரு பகுதி உருகிவிடும். நடுக்கடல் முகடுகளிலும் அவாய்த் தீவுகளிலும் நிகழ்வது இதுவே. இரண்டாவது காரணம் நீர். கடற்றளம் மற்றொரு நிலத்தட்டின் அடியில் அமிழும்போது தன்னோடு நீரையும் கொண்டு செல்கின்றது. உப்பு தூவினால் பனிக்கட்டியின் உருகுநிலை தாழ்வது போல, நீர் கலந்தால் பாறையின் உருகுநிலை தாழ்கின்றது. சப்பான், இந்தோனேசியா ஆகிய நாட்டு எரிமலைகளும், 1991இல் நெடுந்துயில் நீங்கி விழித்த நம் அந்தமான் பகுதிப் பாரன் தீவும் இவ்வகையின. இவையன்றி, மேலெழுந்த குழம்பு தன் வெப்பத்தால் மேலோட்டுப் பாறையை உருக்குவதும் உண்டு. கிரானைட் பாறைகளுட் பல இவ்வாறு பிறந்தவை.

பசால்ட் என்னும் கரும்பாறையைத் தரும் குழம்பில் ஏறத்தாழப் பாதியளவு சிலிக்கா உண்டு. அதன் வெப்பம் 1,100 முதல் 1,200 பாகை செல்சியசு வரை இருக்கும். அது எளிதில் ஓடும். கிரானைட்டைத் தரும் குழம்பிலோ சிலிக்கா நூற்றுக்கு எழுபது பங்களவு உண்டு. அதன் வெப்பம் குறைவு, பிசுப்பு மிகுதி.

இனிக் குளிர்தலைக் காண்போம். பனங்கற்கண்டு செய்வோர் பதநீரைக் காய்ச்சிய பாகைக் கலத்தில் ஊற்றி, உள்ளே நூல்களைக் கட்டி, பல வாரம் அசையாது விட்டு வைப்பர். அதனால் நூலைப் பற்றிப் பருத்த படிகங்கள் வளர்கின்றன. சருக்கரைப் பாகையே விரைந்து ஆறவிட்டால் கண்ணாடி போன்ற குச்சி மிட்டாய் கிடைக்கும். படிகம் கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குழம்பின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. படிகம் தோன்ற முதலில் ஒரு கரு வேண்டும். பின்னர் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து உரிய இடத்திற் பொருந்தக் காலம் வேண்டும். மெல்ல ஆறினால் சில கருக்களே தோன்றிப் பெரிதாக வளரும். விரைந்து ஆறினால் கருக்கள் பல்கி, ஒன்றும் வளர இடமின்றி நுண்மணிகளாகவே நின்றுவிடும். இன்னும் விரைந்தால் அணுக்கள் இருந்த இருப்பிலேயே உறைந்து, ஒழுங்கற்ற கண்ணாடியாகும்.

இதனால் ஒரே குழம்பு மூன்று கோலம் கொள்ள முடியும். ஆழத்தில் ஆறிய கரும்பாறை காப்ரோ. மேலே வழிந்து ஆறியது பசால்ட். பிளவுகளில் இடைநின்று ஆறியது டோலரைட். சிலிக்கா மிகுந்த குழம்பு ஆழத்தில் கிரானைட்டாகவும், மேற்பரப்பில் ரயோலைட்டாகவும், மிக விரைந்து இறுகினால் அப்சிடியன் என்னும் கருங்கண்ணாடியாகவும் ஆகின்றது. பாடநூல்கள் இவற்றைப் பாதாளப் பாறை, இடையாழப் பாறை, உமிழ்வுப் பாறை என்று பட்டியலிடும். பட்டியலை மனப்பாடம் செய்வதினும் மணியின் பருமனைக் கண்ணாற் காண்பது நன்று. சில கற்களில் நுண்மணிப் பரப்பின் நடுவே பெரும் படிகங்கள் பதிந்து நிற்கும். அக்குழம்பு முதலில் ஆழத்தில் மெல்ல ஆறி, பின்னர் திடீரென மேலெழுந்து விரைந்து இறுகியது என்பதை அக்கல்லே சொல்லிவிடும்.

இன்று இவ்வளவு எளிதாகச் சொல்லும் இச்செய்தி ஒருகாலத்தில் பெரும் போருக்கு உரியதாயிருந்தது. கல்லின் பிறப்பை ஆராய்ந்த முன்னோருள் இப்னு சீனா குறிப்பிடத்தக்கவர். 1037இல் மறைந்த அம்மருத்துவப் பேரறிஞர் தம் கிதாபுஷ் ஷிபா என்னும் பெருநூலில், களிமண் உலர்ந்து இறுகுவதாலும் நீரிலிருந்து பொருள் உறைவதாலும் கல் உண்டாகும் என விளக்கினார். ஜைஹூன் ஆற்றங்கரையில் தலைகழுவப் பயன்பட்ட களிமண், தம் இளமையில் மண்ணாக இருந்து, ஏறத்தாழ 23 ஆண்டுகளில் மென்கல்லாக மாறியதைத் தாமே கண்டதாகவும் எழுதினார். ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவில் இப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிசுடாட்டிலின் நூலாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டது. படிவுப் பாறைகளைப் பொறுத்தவரை அவர் கண்டது இன்றும் செல்லும். குழம்பிற் பிறந்த பாறை அவர் விளக்கத்துக்குள் வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செருமானிய நாட்டுச் சாக்சனியில், பிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் வெர்னர் என்னும் ஆசிரியர் பெரும்புகழோடு விளங்கினார். கிரானைட், பசால்ட் உட்பட ஏறக்குறைய எல்லாப் பாறைகளும் ஆதிப் பெருங்கடலிலிருந்து படிந்தவையே என்பது அவர் கொள்கை. எரிமலைகள் நிலக்கரி எரிவதால் உண்டாகும் பிற்காலச் சிறு நிகழ்ச்சிகள் என்று அவர் கருதினார். அவர் வகுப்பில் பயின்ற மாணாக்கர் ஐரோப்பா எங்கும் இக்கொள்கையைக் கொண்டு சென்றனர்.

இதற்கு மாறாக, புவியின் உள்வெப்பமே பாறைகளை உருக்கி மேலெழுப்பியது என்றார் எடின்பரோ நகர அறிஞர் ஜேம்சு ஹட்டன். கிரானைட் நீரிற் படிந்த முதற் பாறையானால், மற்ற பாறைகள் அதன் மேல் அமைதியாகப் படிந்திருத்தல் வேண்டும். உருகி மேலெழுந்ததானால் பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு நுழைந்திருத்தல் வேண்டும். இதனைக் காணவே 1785இல் அவர் இசுகாத்லாந்து மலைநாட்டின் கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கே ஆற்றுப் படுகையில் செந்நிறக் கிரானைட் நரம்புகள் கரும்பாறையைக் கிழித்து ஊடுருவி நிற்கக் கண்டார். அவர் அடைந்த களிப்பைக் கண்ட வழிகாட்டிகள், பொன்னோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே எண்ணினராம்.

எனினும் எதிர்ப்பாளரிடம் ஒரு வலிய வினா இருந்தது. ‘பசால்ட்டை உலையில் உருக்கி ஆறவிட்டால் கண்ணாடிதான் கிடைக்கின்றது, கல் கிடைப்பதில்லை. உருகியது மீண்டும் மணிமணியான கல்லாகும் என்பதற்குச் சான்று யாது?’ என்று அவர்கள் கேட்டனர். இது நேர்மையான வினா. வெறும் சொல்லால் இதற்கு விடை கூற இயலாது.

விடை கண்டவர் ஹட்டனின் இளைய நண்பர் சர் ஜேம்சு ஹால். லீத் துறைமுகத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஒன்றை அவர் அறிந்தார். புட்டிக் கண்ணாடிக் குழம்பு ஒருமுறை மிக மெல்ல ஆறியதால் ஒளி ஊடுருவாத கற்பொருளாக மாறிவிட்டது. அதனை மீண்டும் உருக்கி விரைந்து ஆறவிட, பழையபடி கண்ணாடியாயிற்று. இதே முறையைப் பாறையிலும் பார்க்க வேண்டும் என்று ஹால் விரும்பினார். ஆனால் ஹட்டனுக்கு அது உடன்பாடில்லை. சிறு மூசையின் அடியை உற்றுநோக்கி இயற்கையின் பேரளவுச் செயல்களை மதிப்பிடுதல் தகாது என்பது அவர் எண்ணம். மூத்தவர் மனம் வருந்தலாகாது என்று ஹால் பொறுத்திருந்தார். 1797இல் ஹட்டன் மறைந்த பின்னரே ஆய்வை முழுமூச்சுடன் மேற்கொண்டார்.

எடின்பரோவைச் சூழ்ந்த பாறைகளிலிருந்தும், வெசூவியசு, எட்னா எரிமலைகளின் குழம்புகளிலிருந்தும் துண்டுகள் எடுத்து, இரும்பு வார்ப்பாலையின் உலையில் உருக்கினார். விரைந்து ஆறவிட்ட பகுதி கண்ணாடியாயிற்று. அதனையே மீண்டும் சூடேற்றி, வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்தபோது, மூசைக்குள் மணிகள் செறிந்த கல் உருவாகியிருந்தது! எடின்பரோப் பாறையும் எரிமலைக் குழம்பும் ஒரே வகையாக நடந்துகொண்டன. இராபர்ட்டு கென்னடி என்னும் வேதியியலார் பகுத்துப் பார்த்து, இரண்டின் கூறுகளும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டினார். 1798இல் இவ்வாய்வு எடின்பரோ அரச கழகத்தில் படிக்கப்பட்டது. ஆசானின் கொள்கையை ஆசான் விரும்பாத வழியால் நிலைநிறுத்திய இம்மாணாக்கரை நான் பெரிதும் மதிக்கின்றேன். வெர்னரின் மாணாக்கருள் சிறந்தவராகிய வான் பூக்கும் 1802இல் பிரான்சு நாட்டு ஒவேர்ண் பகுதியின் பழைய எரிமலைகளைக் கண்டபின் அங்குள்ள பசால்ட் குழம்பிற் பிறந்ததே என்று ஏற்றுக்கொண்டார்.

மூசையிலுள்ள கைப்பிடியளவு குழம்பு சில மணி நேரத்தில் ஆறும். இயற்கையில் எவ்வளவு காலம் ஆகும்? இதனை நேரே அளந்து பார்க்கும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. அவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையருகே கிலாவேயா இக்கி என்னும் பெருங்குழி உண்டு. 1959 நவம்பர் 14 முதல் டிசம்பர் 20 வரை அங்கே பீறிட்ட குழம்பு, சில வேளை 500 மீட்டருக்கு மேலும் உயர்ந்து, குழியை நிரப்பி, 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள ஏரியாகத் தேங்கிற்று. மேற்பரப்பு விரைவில் ஆடை கட்டியது. 1960இலேயே ஆய்வாளர் அவ்வாடையின் மேல் நடந்து சென்று, துளையிட்டு, அடியிலுள்ள குழம்பை எட்டினர். 1988 வரை அவ்வப்போது துளையிட்டு வெப்பத்தையும் படிகங்களையும் அளந்தனர். பிளவுகளில் இறங்கிய மழைநீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தை அள்ளிச் சென்றும், ஏரி முழுதும் கல்லாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின.

காரணம் எளிது. கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. இறுகிய ஆடையே அடியிலுள்ள குழம்புக்குப் போர்வையாகிவிடுகின்றது. போர்வை தடிக்கத் தடிக்க ஆறுதல் மந்தமாகும். தடிப்பு இருமடங்காக வேண்டுமெனில் காலம் நான்கு மடங்காகும். பத்து மடங்குக்கு நூறு மடங்காகும். ஒரு மீட்டர் தடிப்புள்ள குழம்பு சில நாள்களிலோ வாரங்களிலோ இறுகலாம். நிலத்தடியில் ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள குழம்பு இறுகப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். பெரிய கிரானைட் மலைகளோ ஒரே தவணையில் நிரம்பியவை அல்ல. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பகுதிக் கிரானைட் தொகுதி ஒன்றிலுள்ள சிர்கான் படிகங்களின் வயதை அளந்தவர்கள், அது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக் காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்று கண்டனர். நிலத்தடியில் கொதிகலம் போன்ற குழம்பறை ஒன்று நெடுங்காலம் நிரம்பிக் கிடக்கும் என்னும் பழைய படமும் இதனால் மாறியுள்ளது. பெரும்பகுதி படிகக் கூழாகவும், சிறுபகுதியே நீர்மமாகவும் இருப்பதாக இன்று கருதுகின்றனர்.

மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. 2009இல் ஐசுலாந்தின் கிராப்லாவில் புவிவெப்ப மின்னாக்கத்துக்காக ஆழ்துளை இட்டபோது, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் துளைமுனை எதிர்பாராது பாறைக்குழம்பிற் புகுந்தது. மேலே வந்தவை கண்ணாடிச் சில்லுகள். துளையிடும் நீர் பட்ட அக்கணமே அக்குழம்பு கண்ணாடியாகிவிட்டது.

குழம்பிலுள்ள கனிமங்கள் எல்லாம் ஒருங்கே உறைவதில்லை என்பது அடுத்த செய்தி. தண்ணீர் ஒரே வெப்பநிலையில் உறையும். குழம்போ சில நூறு பாகை வெப்ப இடைவெளியில் கனிமம் கனிமமாக உறையும். கனடா நாட்டவரான நார்மன் பவன் வாசிங்டன் நகர ஆய்வகத்தில் இவ்வரிசையைத் தேடினார். தாம் கலந்தமைத்த சிலிக்கேட்டுக் கலவையை உலையில் குறித்த வெப்பத்தில் நிறுத்தி, பின்னர் திடீரெனக் குளிர்வித்து, அந்நிலையில் எவை படிகமாகியுள்ளன என நுண்பெருக்கியால் நோக்கினார். முதலில் உறைவது பச்சைநிற ஆலிவின். பின் பைராக்சின், ஆம்பிபோல், கரிய அபிரகம் என்று செல்லும். இவற்றோடு இணையாகச் சுண்ணம் மிகுந்த பெல்ஸ்பார் தொடங்கிச் சோடியம் மிகுந்த பெல்ஸ்பார் வரை மாறும். இறுதியில் எஞ்சுவன பொட்டாசியப் பெல்ஸ்பாரும் வெள்ளைக் குவார்ட்சும். 1928இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. முதலில் உறைந்த கனத்த படிகங்கள் அடியில் தங்கிவிட்டால், மேலே எஞ்சும் குழம்பில் சிலிக்கா மிகும். அதாவது ஒரே தாய்க்குழம்பு வேறுவேறு பாறைகளை ஈனும். கிலாவேயா இக்கி ஏரியின் அடியில் ஆலிவின் படிகங்கள் அமிழ்ந்து குவிந்திருந்ததை ஆய்வாளர் துளைகளில் கண்டனர். ஆயினும் கிரானைட் மலைகள் அனைத்தும் இவ்வாறே பசால்ட்டிலிருந்து வடிந்தன என்று கொள்வதற்கில்லை. மேலோடு உருகிப் பிறந்தவையும் பல என முன்னரே கூறினோம்.

நம் நாட்டில் இவற்றைக் காணத் தக்காணத்துக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த பிளவுகளிலிருந்து பசால்ட் குழம்பு அலையலையாகப் பரவியது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் அடுக்குகளின் மொத்தத் தடிப்பு 2 கிலோமீட்டர் அளவு. மலைகள் படிப்படியாகத் தோன்றுவதால் படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லால் ‘தக்காண டிராப்’ என்று பெயர் பெற்றன. அடுக்குகளுக்கு இடையே ஆங்காங்கே காணும் செம்மண் பட்டைகள், ஒரு குழம்பு ஆறி, வெயிலிலும் மழையிலும் சிதைந்த பின்னரே அடுத்த குழம்பு வந்ததைக் காட்டும். அசந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டது இக்கல்லிலேதான். தௌலதாபாத் கோட்டைக் குன்றும், பிஜப்பூர்க் கோல் கும்பசின் கருஞ்சாம்பற் கல்லும் இதுவே. உளிக்கு இணங்கும் நுண்மணிக் கல்லாக அது அமைந்தது, நிலத்தின்மேல் விரைந்து ஆறியதன் விளைவு. மும்பை அந்தேரியிலுள்ள கில்பர்ட்டு குன்றில் கருங்கல் தூண்கள் செதுக்கி நிறுத்தியவை போல நெருங்கி நிற்கின்றன. மனிதர் செதுக்கியவை அல்ல. ஆறும் கல் சுருங்கும். வற்றிய ஏரியின் சேறு பாளம்பாளமாக வெடிப்பது போல அது வெடிக்கும். வெடிப்பு மேலிருந்தும் கீழிருந்தும் உள்நோக்கி வளரத் தூண்கள் அமையும்.

தமிழகத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பழம்பாறைகளைப் பிளந்து சுவர் போல் நீண்டு கிடக்கும் கரும்பாறைகள் உண்டு. பிளவுகளில் ஏறிய குழம்பு அங்கேயே ஆறிய டோலரைட் அது. கடைகளில் ‘கறுப்புக் கிரானைட்’ என்று விற்கப்படும் பலகைகளுட் பல டோலரைட்டோ காப்ரோவோதான். வணிகர் பெயர் வேறு, பாறையியலார் பெயர் வேறு.

சென்னைப் பரங்கிமலைக் கல்லின் வரலாறு இன்னும் சுவையானது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கு என்னும் ஆங்கிலக் கும்பெனி அலுவலரின் கல்லறைமேல் வைத்த கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமசு ஹாலந்து 1893இல் அக்கல்லை ஆராய்ந்து, அவர் நினைவாகச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். அதன் பருத்த மணிகளையும் பைராக்சினையும் கண்ட ஹாலந்து, அது குழம்பு ஆறிப் பிறந்த பாறையே என்றார். பின்வந்தோர், முன்பே இருந்த பாறை மேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலே மாறியதாகவும் இருக்கலாம் என்றனர். கருநாடகத்தின் கப்பல்துர்க்கத்தில் வரிப்பாறையினூடே சார்னோக்கைட் திட்டுத்திட்டாகப் படர்ந்து, பழைய வரிகளை அழித்து நிற்கின்றது. அங்கே கரியமிலவாயு மிகுந்த பாய்மம் ஊடுருவிக் கல்லை இருந்த இடத்திலேயே மாற்றியது என்பர். உலகின் வேறு சில இடங்களிலோ குழம்பிலிருந்தே உறைந்த சார்னோக்கைட்டும் உண்டு. எனவே ஒரு சார்னோக்கைட்டைக் கண்டவுடன் அது குழம்பின் பிள்ளை என்று துணிதல் கூடாது. பக்கத்துப் பாறையோடு அது கூடும் விளிம்பைத் தேடிப் பார்க்க வேண்டும்: அங்கே வெட்டி நுழைந்துள்ளதா, கரைந்து படர்ந்துள்ளதா என்று.